முதல் பக்கம் கிளப், மறுபக்கம் ஸ்டுடியோ

கேள்வி: ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியின் 'ஸ்மோக்கிங் அட் த ஹாஃப் நோட்' ஆல்பத்தைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். முழுவதும் கிளப்பில், ரசிகர்கள் முன்னால் வாசித்தது என்று நம்பியிருந்தேன். ஐந்தில் மூன்று உருப்படிகள் ஸ்டுடியோவில் பதிவானவை என்று இப்போதுதான் தெரிந்தது. கிளப் பெயரை அட்டையில் போட்டு விற்றது மோசடி இல்லையா? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: மோசடிதான். ஐந்தில் மூன்று பங்கு!

ஆனால் இத்தனை வருஷம் உங்கள் காது என்ன செய்துகொண்டிருந்தது? இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் 'நோ ப்ளூஸ்', 'இஃப் யூ குட் ஸீ மீ நவ்' இரண்டும் 1965 ஜூனில் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் பதிவானவை. அங்கே கைதட்டல் கேட்கிறது. மறுபக்கத்து மூன்றும் செப்டம்பர் 22-ம் தேதி நியூஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் வாசித்தவை. அங்கே ஒரு இருமல்கூடக் கிடையாது. அட்டை பொய் சொன்னது சரி, தட்டு சொல்லவில்லையே. இரண்டு இடத்திலும் அதே நால்வர்தான்: கிட்டாரில் வெஸ், பியானோவில் விண்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். பின்னவர்கள் மூவரும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். ஸ்டுடியோ என்றதும் விறைத்துப்போகிற ஆட்களா இவர்கள்?

கிளப்பில் மட்டுமே நடந்தது என்ன என்று தெரிய வேண்டுமென்றால் 'நோ ப்ளூஸ்' பக்கம் போங்கள். பதின்மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) இல்லாமல் வெறும் கட்டைவிரலால் வெஸ் தனித்தனி ஸ்வரங்களாகத் தொடங்குகிறார். அப்புறம் ஆக்டேவ்: ஒரே ஸ்வரம் மேலும் கீழுமாக இரண்டு தந்தியில் ஒன்றாக ஒலிக்கும், நடுவில் இருக்கும் தந்தியை இடதுகை விரல் ஊமையாக்கிவிடும். நடுவில் ஒரு கட்டத்தில் கெல்லி பியானோவை நிறுத்திவிடுகிறார். பாஸும் டிரம்ஸும் மட்டும் துணைக்கு நிற்க, வெஸ் சுற்றுக்குமேல் சுற்றாகப் போய்க்கொண்டே இருக்கிறார். முடித்துக்கொள்ளும் உத்தேசமே இல்லை. இந்த மனுஷருக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (கிட்டார் கலைஞர் பாட் மெத்தினி இந்த ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது சும்மா இல்லை.)

சரி, கோபப்பட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஹாஃப் நோட்டில் பதிவான மற்ற உருப்படிகள் ஆல்பத்தை வெளியிட்ட வெர்வ் நிறுவனத்தின் அலமாரியில் கிடந்தன. 1968 ஜூனில் வெஸ் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 45. மறு வருஷம் அந்த நாடாக்களை வெளியே எடுத்து, சிலவற்றின்மேல் க்ளாஸ் ஓகர்மான் எழுதிய ஆர்கெஸ்ட்ராவை ஏற்றி, 'வில்லோ வீப் ஃபார் மீ' என்று வெளியிட்டார்கள். நல்ல டிகிரி காபியில் ரோஸ் சிரப் ஊற்றிய கதை. ஸ்டுடியோவுக்கு வெஸ் தானே நடந்து போய் வாசித்தார். இந்த ஒட்டுவேலைக்கு அவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

அந்த உருப்படிகள் அத்தனையும் அசல் கிளப் பதிவுகள், உங்கள் கணக்குப்படி அப்பழுக்கில்லாத லைவ்! ஆர்கெஸ்ட்ராவைக் கழித்த வடிவத்தைப் பின்னாளில் வெர்வே வெளியிட்டது. அதைத் தேடி வாங்குங்கள். கிராமி விருது என்னவோ ஆர்கெஸ்ட்ரா ஏற்றிய ஆல்பத்துக்குத்தான் கிடைத்தது.