அம்மாவின் கல்யாணச் சேலையை வெளியே எடு

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, சில மாதங்கள்தான் என்று டாக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார். அம்மாவிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் பூசைக்குப் போனவருக்கு ஏன் இந்த வேதனை? போன வாரம் கல்யாணச் சேலையை எடுத்துக் காயப்போடச் சொன்னார். "இப்ப எதுக்கும்மா அது" என்று அதட்டிவிட்டேன். பங்குச் சாமியாரை வந்து பூசுதல் கொடுக்கச் சொன்னால் அம்மா பயந்துவிடுவார் என்று கூப்பிடவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டால் புண்ணியம் என்கிறார் சித்தி. அம்மா மனம் தளராமல் இருக்க என்ன செய்வது?
- ஒரு மகள், ஞானஒளிவுபுரம், மதுரை

பதில்: தங்கச்சி, கடிதம் முழுக்க அழுதிருக்கிறாய், ஆனால் பெரிய விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். அந்தச் சேலை. எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனுஷி, பீரோவின் அடியில் கிடக்கிற கல்யாணச் சேலையை எதற்கு எடுக்கச் சொல்வார்? "சவப்பெட்டியில வைக்கும்போது இதைத்தான் கட்டிவிடணும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போன பாட்டிமாரை நீ பார்த்ததே இல்லையா? அம்மாவுக்கு எல்லாம் தெரியும். காமாலை என்று நீங்கள் சொன்னதை உங்களுக்காக நம்புகிற மாதிரி இருக்கிறார், அவ்வளவுதான். அவர் கிளம்பத் தயாராகிவிட்டார், பயந்து கிடப்பது நீ. அந்தப் பயத்தில் அவர் வாயை அடைத்துவிட்டாய்.

ஒரு ஜெபமாலைக்கு 53 தடவை "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று சொல்கிறோம். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லி வந்த அந்த வேளை வாசலுக்கே வந்து நிற்கும்போது, பெற்ற பிள்ளைகளே அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அவர் யாரிடம் போய்ப் பேசுவார்? பைபிளில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது இறைவாக்கினர் எசாயா நேரே போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தும், நீர் சாகப்போகிறீர் என்றார். அப்புறம் ராஜாவுக்கு 15 வருஷம் கூடக் கிடைத்தது, அது வேறு. முதலில் உண்மையைச் சொன்னார்கள்.

ஏன் இந்த வேதனை என்று கேட்டாய். பைபிளில் அத்தனை துன்பமும் பட்ட யோபுக்கே கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை, நான் எங்கே போவேன்? அவருடைய நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள், விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனித் தோட்டத்தில் இயேசு ஆண்டவர்கூட, இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று மன்றாடினார், பக்கத்தில் இருந்த மூன்று பேரிடம் என்னோடு விழித்திருங்கள் என்று மட்டும்தான் கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள்.

நாங்களும் அப்படித்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிடலாம்ப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். வாயில் குழாய் போட்ட பிறகு அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் போர்வைமேல் எதையோ எழுதுவது போல் அசைந்துகொண்டே இருந்தது. என்ன எழுதினார் என்று 19 வருஷமாக எனக்குத் தெரியாது. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

சாமியாரை இந்த வாரமே கூப்பிடு. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்குக்கு அவஸ்தைப்பூசுதல் என்று அந்தக் காலத்தில் சொன்ன பேரை வைத்துத்தான் இன்னும் எல்லாரும் பயப்படுகிறார்கள். உயிர் போகிற நேரத்துக்கு மட்டுமானது இல்லை அது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது. நோயில்பூசுதல் என்பதுதான் இப்போது பேர். அம்மா நினைவோடு இருந்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை (நற்கருணை) வாங்கட்டும். மயக்கத்தில் கிடக்கும்போது ஓடிப்போய்க் கூட்டிவருவது பிள்ளைகள் செய்கிற காரியமா?

சித்தி பேச்சைக் கேட்டு வலி மாத்திரையை நிறுத்திவிடாதே. தாங்க முடியாத வலிக்கு மருந்து கொடுப்பது பாவமில்லை என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதரே 1957ல் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போய், வலி குறைய என்ன உண்டு என்று வெட்கப்படாமல் கேள்.

நாளைக்குக் காலையில் பீரோவைத் திற. சேலையை உதறி, அம்மா கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி ஜன்னல் பக்கம் கொடியில் போடு. பழைய பட்டு, நேர் வெயில் வேண்டாம். மடிப்பில் இற்றுப்போயிருந்தால் அவரிடமே காட்டு. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் கட்டிவிடணும்மா?" என்று கேள்.