நூறு கட்டத்துக்கு அடுத்து ஒரு நீளப் பட்டை

கேள்வி: மாங்குளத்துக்கு அருகில் தரம் 7 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். நூறு கட்டம் கீறிக் கொடுத்தால் 35 சதவீதத்தைச் சரியாக நிழற்றுகிறார்கள். ஆனால் "40 பேரில் 18 பேர் சைக்கிளில் வருகிறார்கள், எத்தனை சதவீதம்?" என்றால் 18 கட்டத்தை நிழற்றி, 18 சதவீதம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ரீச்சர், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டம் என்றால் ஒரு ஆள். நூறு கட்டமும் சேர்ந்துதான் அந்த 40 பேர் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அறிமுகத்துக்கு நூறு கட்டம் நல்லது, விடவேண்டாம். அடுத்ததாகப் பட்டைக்கு வாருங்கள்.

சதுர ரூள் கொப்பியில் பத்துக் கட்ட நீளத்துக்கு ஒரு பட்டை. மேலே 0, 10, 20 என்று 100 வரை சதவீதம். கீழே 0 முதல் 40 வரை ஆட்கள். ஒரு கட்டத்துக்கு எத்தனை பேர் என்பதைத் தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நான்கு நான்காக எண்ணி அவர்களே வரட்டும். நாலாம் கட்ட முடிவில் 16, ஐந்தாவதின் நடுவில் 18. நேர் மேலே பார்த்தால் 45. கணக்குக்கு முன்னரே விரலை வைத்து "பாதிக்குக் கொஞ்சம் குறைய" என்று சொல்லப் பழக்குங்கள். சூத்திரத்தைவிட இந்தப் பழக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம் கீழே உள்ள எண்களை மாற்றுங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் முழு நீர்மட்டம் 36 அடி. மாரியில் "27 அடி வந்திட்டுதாம்" என்ற மாதிரிக் கதை பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பட்டையில் பாதி 18, மிச்சப் பாதியில் பாதி 9, ஆக 27 அடி 75 சதவீதம். சரி, குளத்தில் 75 சதவீதத் தண்ணீர் இருக்கிறதா? இல்லை. அது உயரத்தில் 75. குளம் அடியில் ஒடுங்கி மேலே அகல்வதால் தண்ணீர் அதைவிடக் குறைவு. கரும்பலகையில் தலைகீழ் முக்கோணம் ஒன்று கீறி, பாதி உயரம்வரை நிழற்றிக் காட்டுங்கள். பரப்பில் கால்வாசிதான் நிறையும். "எதில் 75?" என்று பிள்ளைகள் சண்டை பிடித்தால் தடுக்காதீர்கள், அன்றைய பாடமே அதுதான்.

நூறைத் தாண்டும் கணக்குகளுக்கும் பட்டைதான் வசதி. 5000 ரூபா மூடை 20 சதவீதம் கூடினால் பட்டையை இரண்டு கட்டம் நீட்டினால் போதும், 6000. அது திரும்ப 20 சதவீதம் குறைந்தால் 6000ஐ முழுதாக வைத்துக் கீழே புதுப் பட்டை கீற வேண்டும். விடை 4800. இதை மட்டும் அடுத்த தவணைக்கு வையுங்கள்.