ஃப்ளாட்ஹெட் வி8-க்கு ஐந்து கியர்: முதலில் பின்னச்சைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1946 ஃபோர்டு கார் இருக்கிறது. அசல் ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வகை) நல்ல நிலையில் உள்ளது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலைத் தொட்டாலே எஞ்சின் அலறுகிறது. மூன்று கியர் பெட்டியை எடுத்துவிட்டு, ஷெவர்லே எஸ்-10 பிக்கப்பின் டி5 ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். எஞ்சினையும் அந்தப் பெட்டியையும் இணைக்கும் அடாப்டர்கள் விற்பனையில் இருக்கின்றன. 100 குதிரைத்திறன் எஞ்சினின் முறுக்குவிசையை டி5 எளிதாகத் தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

1948 வரை வந்த ஃபோர்டு கார்களில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. அதுதான் டார்க் டியூப். பின்சக்கரங்கள் காரை முன்னே தள்ளும் விசை அதன் வழியாகவே கியர்பாக்ஸின் பின்முனைக்கு வந்து, அங்கிருந்து சேசிஸுக்குப் போகிறது. குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டைவில் பாரத்தை மட்டுமே சுமக்கிறது. டி5 திறந்த ஷாஃப்டுக்கான பெட்டி. அதை வைத்தால் டார்க் டியூப் போய்விடும், அச்சை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஆகவே வேறு பின்னச்சு, அதைப் பிடிக்க இணைப் பட்டைவில்கள், புதிய ஷாஃப்ட் எல்லாம் வேண்டும். சேசிஸின் எக்ஸ் வடிவ நடுப்பகுதியையும் வெட்ட நேரும். எஞ்சினின் பின்பாரத்தைத் தாங்குவதும் பழைய கியர்பாக்ஸின் தாங்கிதான். அதற்கும் மாற்று செய்ய வேண்டும். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லீவர் தரைக்கு இறங்கிவிடும்.

உங்கள் கார் இன்னும் அசலாக இருந்தால், அதை வெட்ட வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் காலத்திலேயே கொலம்பியா என்ற இரட்டை வேகப் பின்னச்சு இருந்தது. அது எஞ்சின் சுழற்சியைச் சுமார் 28 சதவீதம் குறைக்கும். அரிதானது, விலையும் அதிகம். டார்க் டியூபை வைத்துக்கொண்டே சேர்க்கக்கூடிய ஓவர்டிரைவ்களும் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு. பின்னச்சின் 3.78 பல்சக்கர விகிதத்தை (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 3.78 முறை சுற்றும்) 3.54 ஆக்குவது மலிவான வழி, ஆனால் அதில் கிடைப்பது 6 சதவீதம்தான்.

முன்பே யாரோ திறந்த பின்னச்சு மாற்றிய கார் என்றால் டி5-ஐத் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் எல்லா டி5-உம் ஒன்றல்ல. 28 அங்குல டயர், 3.78 அச்சு என்றால் 60 மைலில் நேர் கியரில் (1:1) எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,720 சுழற்சி வரும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.72 ஆக இருந்தால் அது 1,960-க்கு இறங்கும், 0.86 என்றால் 2,340-இல் நின்றுவிடும். முதல் கியர் 4.03 உள்ள பெட்டிகளைத் தவிருங்கள். குறைந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை தரும் இந்த எஞ்சினுக்கு அது தேவையே இல்லை, கார் நகர்ந்ததுமே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டிவரும். பெட்டியின் பின்பக்க போல்ட்டில் தொங்கும் தகட்டில் 1352 என்று தொடங்கும் எண் இருக்கும். அதை வைத்து விகிதங்களை உறுதி செய்யுங்கள். தகடு இல்லையென்றால், உள் ஷாஃப்டைக் கையால் சுற்றி வெளி ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணுங்கள்.

கிளட்ச் டிஸ்க்கின் வெளிவிட்டம் உங்கள் ஃபோர்டு பிரஷர் பிளேட்டுக்கும், நடுவிலுள்ள பற்கள் புதிய பெட்டியின் ஷாஃப்டுக்கும் பொருந்த வேண்டும். எஸ்-10 பெட்டிகளில் பெரும்பாலும் 1 அங்குலம், 14 பற்கள். மஸ்டாங் டி5-இல் 1 1/16 அங்குலம், 10 பற்கள். எஞ்சின் பக்கம் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கும் புதிய ஷாஃப்டின் முனைக்கேற்ப மாறும். கிளட்ச் ஃபோர்க்கின் குறுக்குத் தண்டு பழைய கியர்பாக்ஸ் வார்ப்பிலேயே இருப்பதால், அடாப்டரோடு அது வருகிறதா என்று கேளுங்கள். உங்கள் எஞ்சினில் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) பிளாக்கோடு சேர்ந்த வார்ப்பு, 1949-இல் வந்த 8பிஏ ஃப்ளாட்ஹெட் எஞ்சினில் அது தனித் துண்டு. இரண்டுக்கும் அடாப்டர் வேறு.

அடாப்டரை முறுக்கியதும் பெட்டியை ஏற்றிவிடாதீர்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி, எஞ்சினை மெதுவாகச் சுற்றி, அடாப்டரின் நடுத்துளையை அளந்து பாருங்கள். முள்ளின் மொத்த ஆட்டம் 0.005 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடாப்டரை நகர்த்திச் சரிசெய்து, நகராதபடி உலோக ஊசிகளை (டவல் பின்) அடித்து நிலைப்படுத்திய பிறகே கியர்பாக்ஸை ஏற்றுங்கள்.