யாங்கூன் சகோதரிக்கு: சேவையில் சந்தோஷம் வரவில்லை என்றால்

ஞாயிறு பூசைக்குப் பிறகு முதியவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன், ஆனால் அதில் சந்தோஷமே வரவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமைத்துப் போடுவதை விடாதீர்கள், சகோதரி. தனியாகச் செய்வதை விடுங்கள். சந்தோஷம் வராததால் உங்கள் சேவை பொய்யாகிவிடாது.

"எல்லாரும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், நான் மட்டும் அடுப்படியில்" என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில், இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற மார்த்தாவும், சகோதரி மரியா தன்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டாள் என்று இதையேதான் அவரிடம் முறையிட்டார். மார்த்தா வேலை செய்ததை இயேசு குறை சொல்லவே இல்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், கரி அடுப்பு மூட்டி அண்டாச் சோறு வடிப்பவருக்கு அந்தக் கலக்கம் வராமல் இருக்குமா?

வருகிற ஞாயிறு இதைச் செய்து பாருங்கள். சோறு வடித்ததும் கரண்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, பந்தியில் ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அவர் பருப்பைப் பிசைந்துகொண்டே சொல்லும் கதையைக் கேளுங்கள். பெறுவதைவிடக் கொடுப்பதே பேறு என்று ஆண்டவர் சொன்னதைப் பவுல் நினைவூட்டுகிறாரே (திருத்தூதர் பணிகள் 20:35), வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பேறு கிட்டுவது கடினம்.

அதற்குப் பிறகும் மனம் வறண்டே இருந்தால், தூக்கம் கெட்டு, வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறீர்கள் என்றால், அது களைப்பாக இருக்கலாம். விசுவாசத்தைச் சந்தேகப்படாதீர்கள். உண்ணக்கூட நேரமில்லாமல் இருந்த சீடர்களை, தனியிடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுங்கள் என்று அழைத்தவர் இயேசுதான் (மாற்கு 6:31). பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லி ஒரு மாதம் விடுப்புக் கேளுங்கள். மாற்று ஆளை அவரே பூசையில் அறிவித்துத் தேடட்டும், அந்த வேலையையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.