ஒலக்கையும் உலக்கையும்: ஒலியால் தேடும் அகராதி

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தா ‘ஒலக்க’, ‘கொட’ என்று சொல்வதைக் கேட்டு, என் மகள் கைபேசி அகராதியில் அப்படியே தேடுகிறாள், எதுவும் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறையைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொண்டால் போதாதா? நீங்கள் உருவாக்கிவரும் அகராதி மென்பொருளில் இதற்கு வழி உண்டா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழி உண்டு, ஆனால் சவுண்டெக்ஸ் நமக்கு உதவாது. 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த அது, ஆட்பெயர்களைத் தேடுவதற்காக அமைந்தது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற மெய்களை எண்களாக்கும். தமிழில் அப்படிச் செய்தால் படு, பாடு, பாட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். உங்கள் அப்பத்தாவின் ‘ஒலக்க’வோ முதல் எழுத்திலேயே உலக்கையை விட்டு விலகி நிற்கிறது.

ஒலிவழித் தேடல் நமக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்றான தொடை, சொற்களை எதுகைப்படி அடுக்கித் தருகிறது. ஆனால் அது செய்யுள் எழுதுவோருக்கானது. நமக்கு வேண்டியது வீட்டுப் பேச்சைக் கேட்பவருக்கானது.

தொடக்கத்தில் நான் கேட்ட சொல்லைத் திருத்தி எழுத்துவடிவுக்குக் கொண்டுவர முயன்றேன். ‘கொட’ என்ற ஒரே சொல்லில் அது தடுமாறியது. சொல்லின் முதல் அசையில் உள்ள குறில் உகரம், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் ஒகரமாகிறது; கடைசி ஐகாரமும் தேய்கிறது. ஆகவே மழைக்குப் பிடிக்கும் குடையும் ‘கொட’தான், கொடுக்கும் கொடையும் ‘கொட’தான். ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் வழி இப்படிக் கிளைக்கிறது. எழுத்திலிருந்து ஒலிக்கு வரும் வழியில் அந்தக் குழப்பம் மிகக் குறைவு. எனவே இப்போது அகராதியின் ஒவ்வொரு தலைச்சொல்லையும் முன்கூட்டியே பேச்சொலிக்கு மாற்றி, அந்த ஒலிக்குறியைத் தனி அட்டவணையில் வைக்கிறேன். ‘கொட’ என்று தேடினால் குடை, கொடை இரண்டும் பொருளோடு வரும்; ‘கண்ணு’ என்றால் கண்ணும் வரும், கன்றும் வரும். தேடுபவர் தமக்குரியதை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த எழுத்துகளை ஒன்றாக்குவது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பழத்தைப் ‘பளம்’ என்போர் பலர். ஆனால் அவர்களே மலையையும் மழையையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. அதனால் ழகரத்தையும் ளகரத்தையும் முதல் சுற்றிலேயே சேர்த்துவிட்டு, முதல் சுற்றில் ஒன்றும் அகப்படாதபோது மட்டும் லகரத்தையும் சேர்க்கிறேன். காற்று ‘காத்து’ ஆவதும், இலை ‘எல’ ஆவதும் விதிகளாகவே அமைந்துவிட்டன. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு சொல். ஒலிக்குறி ஆக்குவதற்கு முன்பே அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பட்டாலை, கும்மாயம் போன்ற நம் வீட்டுச் சொற்களைத் தனியே சேர்த்துவருகிறேன். உங்களால் இயன்றால், அப்பத்தா பேசுவதை அவர் குரலிலேயே பதிந்து அனுப்புங்கள்; எழுதும்போது நம் கை தன்னையறியாமல் திருத்திவிடுகிறது. நீங்கள் ‘ஒலக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாயில் அந்தச் சொல் அகரத்தில் முடிகிறதா, எகரத்தில் முடிகிறதா என்று ஒருமுறை அருகில் அமர்ந்து கேட்டுச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
காரைக்குடி