சீமைக் கருவேலத்தை அழிக்க ஹிட்டாச்சியில் பிரஷ் கட்டர் (புதரையும் மரத்தையும் அரைக்கிற கருவி) மாட்டுவதா, ஜேசிபி வைத்துத் தோண்டுவதா? எது லாபம்?

தோண்டுங்கள். முதலில் அரைத்து, அப்புறம் தோண்டி, இரண்டு வாடகையும் கொடுத்தவன் சொல்கிறேன்.

நாலு ஏக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியூரில் வேலை, நிலம் பல வருஷம் சும்மா கிடந்திருக்கும், இப்போது யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்கள்: வண்டி கையை நீட்டி மரத்தின் தலையில் வைத்ததும் மரம் தூளாகப் பறக்கும். எனக்கும் அப்படி ஒன்றுதான் வந்தது.

எங்களுடையது நாங்குநேரி பக்கம் மூன்றரை ஏக்கர், சரள் கலந்த செம்மண், ஓரமாகத் தாத்தா வெட்டிய கிணறு. ஆடி மாதம் ஹிட்டாச்சி வந்து இறங்கியது. (சங்கிலிப் பட்டையில் ஓடினால் எந்தக் கம்பெனி வண்டியும் எங்களுக்கு ஹிட்டாச்சிதான், திருத்த வராதீர்கள்.) முதல் இரண்டு மணி நேரம் நான் சின்னப்பிள்ளை மாதிரி வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். தொடைத் தண்டி உடைமரம் (சீமைக் கருவேலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நிமிஷத்தில் சக்கையாகிறது. ஓட்டிய தம்பி, "அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க, கல்லு தெறிக்கும்" என்று இரண்டு தடவை சொன்னான். நான் தள்ளி நின்றேன், கல் எனக்கு மேலே பறந்துபோய்ப் பக்கத்து வயல் மோட்டார் ரூம் கூரை ஓட்டைப் பிளந்துவிட்டது. அறுபது எழுபது மீட்டர் இருக்கும். அந்த வயல்கார மாமா வந்து, "ஏல, உள்ள ஆளு இருந்திருந்தா என்னல செய்வ?" என்று கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நூறு மீட்டருக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

மதியம் பழைய முள்கம்பி வேலி ஒன்று புதருக்குள் கிடந்து கட்டரில் சுற்றிக்கொண்டது. ஆக்சா பிளேடு வைத்து அறுத்து எடுக்க ஒரு மணி நேரம், அதற்கும் வாடகை. சாயங்காலம் கட்டரைச் சுழற்றும் மோட்டாரில் சீல் போய் எண்ணெய் ஒழுகியது. வண்டியில் பாறை உடைக்கிற பிரேக்கருக்கான லைன்தான் இருந்திருக்கிறது. மோட்டாருக்குள் கசிகிற எண்ணெய் அழுத்தம் இல்லாமல் நேரே டேங்குக்குத் திரும்ப ஒரு சின்ன ஹோஸ் தனியாக வேண்டும், அதை மாட்டாமலே ஓட்டியிருக்கிறார்கள். நீங்கள் வண்டி பேசும்போது அந்த ஹோஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் முழித்தால் வேறு வண்டி பாருங்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஐப்பசி மழை விழுந்ததும் ஒவ்வொரு தூரிலும் ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துக் கிளை! இந்த மரத்துக்கு உயிர் தரைக்குக் கீழே. தண்டும் வேரும் சேரும் கழுத்தில் மொட்டுகள் இருக்கும், அது ஒரு சாண், ஓரடி ஆழம் வரை உண்டு. மேலே எவ்வளவு அழகாக அரைத்தாலும் அதற்கு முடிவெட்டியது மாதிரிதான். 2017-ல் இந்த மரத்தை அழிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊரே கூடி அரிவாளால் வெட்டினோமே, அதுவும் இப்படித்தான் தழைத்தது. பார்த்த பிறகும் மறுபடி ஏமாந்தது என் புத்தி. போதாததற்கு, ஈட்டி மாதிரி நின்ற தூர்க் கட்டை டிராக்டர் டயரைக் கிழித்தது.

பிறகு தை மாதம் ஜேசிபி பிடித்துத் தூர் தூராகத் தோண்டி வேர்க்கழுத்தோடு எடுத்தோம். அதிலும் முழு நிம்மதி இல்லை. உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டேன், ஆடுகள் எங்கேயோ நெற்றைத் தின்று வந்து விதையை என் நிலத்தில் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போயின. மழைக்கு மழை நாற்றைக் கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு நஷ்டம், கரிமூட்டக்காரர் நின்ற மரத்தைக் காசு கொடுத்தே வெட்டிக்கொண்டு போக வந்தார். வேண்டாம் என்று எல்லாவற்றையும் அரைத்துச் சக்கையாக்கினேன். கடைசியில் தோண்டிய தூரைத்தான் அவருக்கு விற்றேன், டயர் செலவுக்குக்கூட வரவில்லை. அந்தப் பணத்திலும் பங்கு எங்கே என்று பம்பாயிலிருந்து சித்தப்பா மகன் போன் போட்டான். கூட்டுப் பட்டாவாம். வாடகை கொடுக்கும்போது பட்டா ஞாபகம் வரவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தால் நேரே கோயில், நேரே மைனி கையால் சாப்பாடு, நேரே ரயில். நிலத்தை எட்டிப் பார்த்ததில்லை. சரி, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்.

வண்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கட்டர் உதவாத கருவி என்று நான் சொல்லவே இல்லை. குளத்துக் கரை, வாய்க்கால் கரை, கிணற்று விளிம்பு, இங்கெல்லாம் வேரைப் பிடுங்கினால் மண்ணும் கூடவே வரும். அங்கே கட்டர்தான் சரி, வருஷா வருஷம் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் கிணற்றைச் சுற்றி நான் தோண்ட விடவில்லை. உழுகிற நிலத்துக்குத்தான் தோண்டச் சொல்கிறேன்.

உங்கள் நிலத்தில் கிணறு உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் எந்த வண்டி வருவதற்கும் முன்னால் நாலு பக்கமும் உயரமாகக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். புதர் மூடிய கிணறு ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாது.