கேளுங்க, சொல்றேன்: சரணாலயம் ஆனா மாடு எங்க போகும்?

கேள்வி: எங்க பக்கத்து காட்டை சரணாலயம்னு அறிவிச்சதுல இருந்து மாடு ஓட்டிட்டு உள்ள போகக் கூடாதுன்றாங்க. தாத்தா காலத்துல இருந்து காட்டுலதான் பட்டி போட்டோம். காட்டை அழிச்சது நாங்களா?
- வாசகர், அஞ்செட்டி

பதில்: நீங்க இல்லீங்க. சந்தனக்கட்டை எல்லாம் லாரி லாரியா போச்சே, அது உங்க மாட்டு முதுகுல ஏறியா போச்சு? ஆனா சரணாலயம் வந்தது தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன். 2014ல காவேரி வடக்கு சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர், 2022 நவம்பர்ல காவேரி தெற்கு, அது 686, ரெண்டும் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துலதான் வருது, அந்தப் பக்கம் கர்நாடகா காட்டோட ஒட்டிக்கிச்சு, யானைக்கு நடுவுல வேலியும் பங்களாவும் இல்லாம போய் வர ஒரு வழி கெடச்சிருக்கு. வெறும் காப்புக்காடா, அதாவது வனத்துறை கையில இருக்கற ரிசர்வ் காடா மட்டும் இருந்தா குவாரிக்காரன் ஓரத்துலயே வந்து உக்காருவான், 2021ல காப்புக்காடு, சரணாலயத்துல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள குவாரி கூடாதுன்னு விதி போட்டு, அடுத்த வருஷமே காப்புக்காட்டுக்கு மட்டும் தளர்த்திட்டாங்களே, சரணாலயத்துக்குத்தான் அந்த பாதுகாப்பு நின்னுச்சு.

இப்ப உங்க மாட்டுக்கு வருவோம். 2022 மார்ச்சுல ஹைகோர்ட் மொதல்ல எல்லா காட்டுலயும் மேய்ச்சல் கூடாதுன்னு சொல்லி, அப்புறம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்தோட நிறுத்திக்கிச்சு. உங்களுக்கு இடிக்கிறது இதுதான். ஆனா 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை சமூக உரிமைன்னு எழுதியே வச்சிருக்கு, சரணாலயத்துக்கும் அந்த சட்டம் பொருந்தும். பழங்குடி இல்லாதவங்கன்னா மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கயே இருந்து காட்டை நம்பி வாழ்ந்ததை காட்டணும். இந்த உரிமையை கேக்கறதை கிராம சபையில இருந்துதான் ஆரம்பிக்கணும். பழைய மேய்ச்சல் பாஸ் ரசீது, தாத்தா கட்டின வரி சீட்டு எதுவானாலும் பரண்ல இருந்து எறக்குங்க. ஆலம்பாடி மாடே காட்டுப் பட்டியில உருவான இனம், கொட்டாய்ல கட்டிப்போட்டு தவிடு வச்சா அது என்னத்துக்கு ஆலம்பாடி?

கேள்வி: ரோடு போட ஒரு மரம் வெட்டினா பத்து மரம் நடுறாங்களே, அப்புறம் என்ன பிரச்சனை?
- வாசகி, தர்மபுரி

பதில்: ஒகேனக்கல் பக்கம் ஆத்தோரமா போனா கரைமேல நீர்மருத மரம் நிக்கும், கொஞ்ச நேரம் தலைய தூக்கிப் பாருங்க. சாம்பல் மலை அணில்னு ஒண்ணு, வாலையும் சேத்தா முழங்கை நீளத்துக்கு மேலயே இருக்கும், கிளைக்கு கிளை தாவித்தான் போகும், கூடு கட்டறதும் ரெண்டு மரத்து உச்சி ஒண்ணோடொண்ணு தொடுற எடத்துல. நடுவுல ரோட்டுக்குன்னு மரத்தை எடுத்துட்டா அது தரையில எறங்கணும், எறங்கினா நாய். நீங்க பைபாஸ் ஓரம் நடுற பத்து புங்கங்கன்னு அதுக்கு எந்த ஜென்மத்துல உதவும்?

கேள்வி: எங்க லேஅவுட் பின்னாடி புதர்க்காட்டை ஜேசிபி வச்சு மட்டம் பண்றாங்க. யாரைப் பாக்கறது?
- வாசகர், ஓசூர்

பதில்: மொதல்ல சர்வே நம்பர் கண்டுபிடிங்க. அரசு இ-சேவை சைட்ல அ-பதிவேட்டை, அதாவது எந்த நிலம் என்ன வகைன்னு எழுதி வச்சிருக்கற ஊர்க் கணக்கை எடுத்துப் பாருங்க, பட்டாவா, புறம்போக்கா, காடான்னு தெரிஞ்சிரும். காடுன்னு பதிவாகி இருந்தா, அது யார் கையில இருந்தாலும், மத்திய அரசு அனுமதி இல்லாம தொட முடியாது, 1996ல சுப்ரீம் கோர்ட்டு கோதவர்மன் கேஸ்ல சொன்னது அதான். 2023ல வனப் பாதுகாப்புச் சட்டத்தை திருத்தி கொஞ்சம் ஓட்டை போட்டிருக்காங்க, ஆனாலும் விடாம கேள்வி கேளுங்க. தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க. அசையலன்னா சென்னையில சுற்றுச்சூழல் கேஸை விசாரிக்கற பசுமைத் தீர்ப்பாயம் இருக்கு, கேஸை நீங்களே போடலாம், ஆனா பிரச்சனை ஆரம்பிச்ச 6 மாசத்துக்குள்ள போடணும். மனு குடுத்துட்டு சீல் போட்ட ரசீது வாங்காம மட்டும் வெளிய வந்துறாதீங்க.